சாந்தும் ஆவியும்

அறுபதுகளின் நடுவில் எங்கள் கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது. செஞ்சியில் மாதா கோயில் தெருக்காரர்களில் அதற்காக அதிகம் சந்தோஷப்பட்டவன் நான். கடைசியில் அதனால் அதிகம் அல்லாடியவனும் நான்தான்.

சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. நான் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்யப் போய், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் லத்தீனில் பதில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவன். சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து முணுமுணுப்பார். பின்னால் பெண்கள் தங்கள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டுவார்கள். மணி அடித்தால் எல்லோரும் குனிவார்கள், அடுத்த மணிக்கு நிமிர்வார்கள். வகுப்பில் ஒரு பையன் புரியாமல் ஒப்பித்தால் பிரம்பை எடுக்கிற நான், கோயிலில் மட்டும் அதையே பக்தி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆகவே தமிழ் வந்ததும், இனி நம் ஜனங்கள் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்வார்கள் என நினைத்தேன். தெரிந்துதான் சொன்னார்கள். அதில்தான் வந்தது வினை.

விஷயம் இதுதான். எனக்கு அந்த வருஷம் முதல் குழந்தை பிறந்திருந்தது, பெண். அவளுக்கு என் அக்கா ஞானத்தாயாக நிற்க வேண்டும். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவள் ஞானத்தாய். பேசத் தெரியாத பிள்ளைக்குப் பதிலாக, சாமியார் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். பசாசை, அதாவது பேயை, விட்டுவிடுகிறாயா என்று கேட்டால் விட்டுவிடுகிறேன் என்பாள். விசுவசிக்கிறாயா என்று கேட்டால் விசுவசிக்கிறேன் என்பாள். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பிள்ளைக்கு அவள் இன்னொரு தாய். எங்கள் ஜனங்களிடம் பெற்றவளுக்கு அடுத்த மரியாதை அவளுக்குத்தான்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆவதற்கு ஊர் விடவில்லை. அம்மா செத்தபோது நான் கைக்குழந்தை. எங்கள் அப்பா, நைனா என்போம், மேல்சித்தாமூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போய்விடுவார். பாவாடை கட்டின வயதில் அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் சோறு பொங்கினாள். அந்த வயதில்தான் அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தோடு விழுவாள், வாயில் நுரை தள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள், ஆவி புடிச்சிருக்குது.

நைனா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் பெண் நுரை தள்ளிக் கிடக்கும்போது யாருக்கும் எந்தச் சாமி என்று பார்க்கத் தோன்றாது. ஒரு அமாவாசைக்கு, பேய் ஓட்ட மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு அவளையும் அழைத்துப்போனார். கோயில் வரைக்கும்கூடப் போகவில்லை. வழியில், மரத்தடியில் ஒரு பேயோட்டி உட்கார்ந்திருந்தான். அவன் அக்காவின் முகத்தில் திருநீற்றை ஊதினான். கூந்தலைப் பிடித்துக்கொண்டு வேப்பங்குச்சியால் அடித்தான். "எந்த ஆவி நீ? பேரைச் சொல்லு" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். அடி தாங்காமல் அக்கா, கிணற்றில் விழுந்து செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள். ஆவி பேசிவிட்டது என்று அவன் எழுந்துவிட்டான். நைனாவும் அழுதுகொண்டே அவளைக் கூட்டிவந்துவிட்டார்.

வெகுநாள் கழித்து நான் ஒருமுறை அவளிடம் கேட்டேன், ஏன் அந்தப் பெயரைச் சொன்னாய் என்று. "அடி நிக்கணும்னு சொன்னேன்டா" என்றாள். பிறகு, "இப்ப யோசிச்சா, நான் சொன்னனா, அது சொல்லுச்சான்னு எனக்கே தெரியல" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கோயிலில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். நைனா அடுத்து அக்காவை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் திட்டவில்லை. தீர்த்தம் தெளித்து, மாதா உருவம் பதித்த சின்னச் சுரூபம் ஒன்றைக் கழுத்தில் கட்டி, பெரியாஸ்பத்திரி மாத்திரையும் வாங்கித் தரச் சொன்னார். பயம் வரும்போதெல்லாம் சிலுவை அடையாளம் போடு என்று சொல்லிக்கொடுத்தார். பிதா என்று சொல்லி நெற்றியில், சுதன் என்று சொல்லி நெஞ்சில், இஸ்பிரித்து சாந்து என்று சொல்லித் தோள்களில். அன்றைக்கு எங்கள் ஜனங்கள் பரிசுத்த ஆவியைச் சொன்ன விதம் அதுதான். போர்த்துக்கீசியனோ யாரோ கொண்டுவந்த சொல், நம் வாயில் விழுந்து அப்படி ஆகியிருந்தது.

அக்காவுக்கு அதில் இஸ்பிரித்து என்பது புரியவில்லை. சாந்து புரிந்தது. குழந்தைக்குக் கண்ணேறு படாமல் நெற்றியில் வைக்கிறோமே, அந்தச் சாந்து. பிதாவும் சுதனும் சேர்ந்து தன் நெற்றியில் வைக்கிற சாந்து என்று அவள் நினைத்துக்கொண்டாள். வைத்த இடத்தில் எதுவும் அண்டாது. எனக்கு இது தெரிந்தபோது நான் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ சிரி. அத்தச் சொல்ல ஆரம்பிச்சப்புறம் நான் உழுந்தது கொறைஞ்சிருக்குதா இல்லியா?" என்றாள். குறைந்துதான் இருந்தது. மாத்திரையாலா, வயசாலா, சாந்தாலா என்று யார் பிரித்துச் சொல்வது.

வலிப்பு போனாலும் பெயர் போகவில்லை. ஆவி புடிச்ச பொண்ணு என்று ஊர் வைத்த பெயரைக் கேட்டுவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டோடு திரும்பிப் போனார்கள். ஆகவே எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அவள்தான் ஞானத்தாய் என்பது எங்கள் வீட்டில் பேசாமலேயே முடிவான விஷயம். என் மனைவிக்கு வயிறு தெரிவதற்கு முன்பே அக்கா வெள்ளைத் துணி வாங்கி ஞானஸ்நானச் சட்டையைத் தைத்து மடித்து வைத்துவிட்டாள். ஒரு குழந்தையை, இது என் பிள்ளை என்று நாலு பேர் முன்னால் அவள் தூக்கி நிற்க வேறு வழி ஏது?

அப்போதுதான் புது ஜெபங்கள் அச்சடித்த அட்டை வந்தது. இஸ்பிரித்து சாந்து போய்விட்டது. பரிசுத்த ஆவி வந்துவிட்டது.

புதிதாக வந்திருந்த சாமியார் இளவயதுக்காரர், புதுச்சேரிப் பக்கம். தெருப் பெண்களுக்குச் சாயங்காலம் புது ஜெபங்களைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார். பெண்கள் சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. என் அக்கா மட்டும் பிதா, சுதன் வரைக்கும் வருவாள். அங்கே கை நின்றுவிடும். வாயை மூடிக்கொள்வாள்.

முதல் நாள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"இன்னாக்கா, அந்த எடத்துல மட்டும் நாக்கு ஒட்டிக்குதா?"

"ஆவி பேரை நான் எம் மேல போட்டுக்க மாட்டேன்" என்றாள், அரிசி புடைத்துக்கொண்டே.

"அது வேற ஆவி, இது வேற ஆவி."

"பேரு ஒண்ணுதானே?"

"முன்னால பரிசுத்தன்னு இருக்குதே, பார்க்கல? பரிசுத்தம்னா சுத்தம். சுத்தமான ஆவி."

"பாம்பைக் குளிப்பாட்டி வெச்சா கடிக்காதாடா?"

பயிற்சிப் பள்ளியில் இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

நான் விடவில்லை. எனக்கு வேதம் தெரியும், சொல்லிக்கொடுக்கிற முறையும் தெரியும் என்ற திமிர் இருந்தது. ஒரே சர்வேசுரன், மூன்று ஆட்கள் என்பதை விளக்க ஒரு பனங்காயை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "பாரு, காய் ஒண்ணு. உள்ள நுங்கு மூணு. மூணும் சேர்ந்துதான் ஒரு காய்" என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். ரெண்டு நுங்கை நோண்டி எனக்கும் என் மனைவிக்கும் கொடுத்தாள். மூன்றாவதைத் தொடாமல் காயோடு கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள்.

சரி, உவமை வேண்டாம், வேதத்திலிருந்தே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை அதன்பிறகுதான்.

சேசுநாதர் யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றபோது பரிசுத்த ஆவி புறா ரூபத்தில் அவர் மேல் இறங்கினார் என்றேன். "தலைமேல வந்து ஒக்காந்துச்சா?" என்றாள். முகம் சுருங்கியது. பறவை தலையில் உட்கார்ந்தால் ஆகாது என்று அவளுக்கு வேறு ஒரு சாஸ்திரம்.

அதை விட்டுவிட்டு மாதாவிடம் போனேன். அக்காவுக்கு மாதா என்றால் உயிர். சம்மனசு, அதாவது தேவதூதர், வந்து கன்னிமாதாவிடம், பரிசுத்த ஆவி உம்மேல் வருவார், அவருடைய வல்லமை உம்மேல் நிழலிடும் என்று சொன்ன இடத்தைப் படித்தேன். படிக்கும்போதே தெரிந்துவிட்டது, தப்பான இடத்தில் கையை வைத்துவிட்டேன் என்று. கல்யாணம் ஆகாத பெண் மேல் ஆவியின் நிழல் விழுந்தது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்தானே. அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம்டா அந்தப் பொண்ணு" என்றாள்.

பரிசுத்த ஆவி சீடர்கள்மேல் இறங்கின பெந்தெகோஸ்தே நாளைச் சொன்னபோது எல்லாம் முடிந்தது. சீடர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பெருங்காற்று அடித்தது, தலைக்குத் தலை நெருப்பு வந்து நின்றது, தெரியாத பாஷையெல்லாம் பேசினார்கள், பார்த்தவர்கள் குடித்துவிட்டு உளறுகிறார்கள் என்று சொன்னார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். புரிந்துவிட்டது என்று எனக்குப் பரம சந்தோஷம்.

"அதாண்டா" என்றாள். "எனக்கும் அப்பிடித்தான் வந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். ராஜகிரிப் பாறையின் வெக்கை தெருவெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வேறு சொல்லே கிடைக்காமல் இந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தவர்கள் மேலா? இட்லிப் பானையில் வருவதும் ஆவி, செத்தால் பிரிவதும் ஆவி, பெண்களைப் பிடிப்பதும் ஆவி, கடைசியில் சர்வேசுரனும் ஆவி. எங்கோ உட்கார்ந்து வேதம் படித்தவர்களுக்கு இது நல்ல தமிழாக இருந்திருக்கும். மேல்மலையனூருக்குப் பஸ் போகிற ரோட்டில் அவர்கள் குடியிருக்கவில்லை.

அவளுக்குப் பிடித்த வேத வசனங்களும் உண்டு. அதுதான் இன்னும் எரிச்சல். பிடித்ததெல்லாம் பேய் ஓட்டின இடங்கள். கல்லறைகளுக்கு நடுவே திரிந்தவனிடமிருந்து அசுத்த ஆவிகளைச் சேசு பன்றிக் கூட்டத்துக்குள் விரட்டி, அவையெல்லாம் கடலில் விழுந்து செத்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள். துரத்தப்பட்ட ஆவி திரும்பி வரும்போது தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிவரும் என்று பிரசங்கத்தில் கேட்டதையும் அவள் மறக்கவில்லை.

"ஆவியத் தொரத்துனவரு சேசு. அவரு பேரையும் ஆவி பேரையும் ஒண்ணா சேத்து எப்பிடிடா சொல்றது? அவருக்கே கோவம் வராதா?"

சொன்னதையே சொல்லிக்கொண்டு இருவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். அதற்குள் ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது. என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. ஞானஸ்நானம் பெறாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மோட்சம் கிடையாது என்று சொல்லிக்கொடுக்கப்பட்டு வளர்ந்தவள் அவள். "எங்க அக்காவை வரச் சொல்லட்டுமா? அவ நிப்பா" என்று ஒருநாள் மெல்லக் கேட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் அக்கா கேட்டுவிட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்க்கப் போனேன்.

"தோத்திரம் சாமி. எங்க அக்கா மட்டும் பழையபடி இஸ்பிரித்து சாந்துன்னு சொல்லிக்கட்டும். சர்வேசுரனுக்குத் தெரியாதா?"

அவர் சிரித்தார். "சர்வேசுரனுக்குத் தெரியும் வாத்தியாரே. அவங்களுக்குத் தெரியணுமே. புரியாம முணுமுணுத்த காலம் போச்சு. ஜனங்க புரிஞ்சு ஜெபிக்கணும்னுதானே இவ்வளவும்?"

"அவங்க புரிஞ்சிக்கிட்டதுதான் சாமி தகராறே."

நடந்ததையெல்லாம் சொன்னேன். சாந்து விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல மனுஷர்தான், யோசித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ஞானத்தாய் பிள்ளைக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவங்க. பிதாவையும் சுதனையும் ஏத்துக்கிட்டு, மூணாவது ஆள் பேயின்னு நினைக்கிற ஒருத்தர் கையில பிள்ளையை நான் எப்படிக் கொடுக்கறது? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அவங்க சொன்னா சரி. இல்லேன்னா வேற யாராவது நிக்கட்டும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

அந்த வாரத்தில் அமாவாசை வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கூட்டம் நெரிந்தது. எங்கள் தெரு முனை வரைக்கும் சத்தம். அமாவாசை என்றால் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாள், எப்போதும் அப்படித்தான். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த நான், சாத்தின கதவைப் பார்த்ததும் பொறுமை இழந்துவிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு இன்னும் எத்தினி தடவை சொல்றது? ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னா புள்ளை உன் கையில. இல்லேன்னா எம் பொண்டாட்டியோட அக்கா வந்து தூக்கிக்குவாங்க. ஊரு உன்னைப் பார்த்து இன்னா பேசும்?"

"ஆமாண்டா, அரண்டவதான் நானு" என்றாள்.

தூளியில் குழந்தை முழித்துக்கொண்டது. அக்கா போய் எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். வெகுநேரம் தட்டிக்கொண்டே நின்றாள்.

"சரிடா. சொல்றேன்" என்றாள் கடைசியில்.

அங்கேயே சொல்லியும் காட்டினாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, ஆமென். கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் தடங்கல் இல்லாமல் போனது. ஏன் திடீரென்று சம்மதித்தாள் என்று நான் கேட்கவில்லை. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் வாசலில் நின்றோம். பழைய முறைப்படி சடங்கு வாசலில்தான் ஆரம்பிக்கும், பிள்ளை இன்னும் உள்ளே போகத் தகுதி பெறவில்லை என்பது அர்த்தம். அக்கா தான் தைத்த வெள்ளைச் சட்டையைக் குழந்தைக்குப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஞானத்தகப்பனாக எங்கள் உபதேசியார். என் மனைவி கொஞ்சம் தள்ளித் தூணோரம். தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

சாமியார் புத்தகத்தைத் திறந்தார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார், அக்கா சொன்னாள். திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்றார், விசுவாசம் என்றாள். எல்லாம் சரியாகப் போனது. பிறகு அவர் குனிந்து குழந்தையின் முகத்தில் மெல்ல மூன்று முறை ஊதினார். ஊதிவிட்டு வாசித்தார், அசுத்த ஆவியே, இந்தப் பிள்ளையை விட்டு வெளியே போ, பரிசுத்த ஆவிக்கு இடம் கொடு.

இந்த ஊதலை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். இதே வார்த்தைகளை லத்தீனில் எத்தனையோ குழந்தைகளுக்குக் கேட்டிருக்கிறேன். அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கே தெரியாததை நான் அவளுக்கு எப்படி முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியும்?

அக்கா ஒரு அடி பின்னால் போனாள். புடவைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். முகத்தில் ஊதுவது, வெளியே போ என்பது, இன்னொன்றுக்கு இடம் கொடு என்பது. அவளுக்கு அது எந்த மரத்தடி என்று எனக்குத் தெரிந்தது. கூடியிருந்தவர்களில் யாரோ, "திரும்ப வந்துடுச்சா?" என்று கிசுகிசுத்தார்கள்.

சாமியார் புத்தகத்தை மூடாமல் நின்றார். என்னைப் பார்த்தார். பிள்ளையை வாங்கி வேறு யாரிடமாவது கொடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். என் மனைவியும் தூணை விட்டு வந்துவிட்டாள். நான் கையை நீட்டினேன்.

அக்கா கொடுக்கவில்லை. சாமியாரைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சாமி, வர்றது எம்மேல வரட்டும். புள்ளைமேல வேணாம். எனக்குப் பழக்கம். நான் தாங்கிக்குவேன்."

இவ்வளவு நாள் நான் சொன்ன புறாவும் நெருப்பும் நுங்கும் ஒன்றுகூட அவள் காதில் ஏறவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு. வீட்டில் அவள் சரி என்று சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆவி வரத்தான் போகிறது என்று நம்பிக்கொண்டே, தன் தலையைக் கொடுக்க முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

சாமியார் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். குழந்தையின் நாக்கில் உப்பு வைத்தார். எங்களை உள்ளே கூட்டிப்போனார். ஞானஸ்நானத் தொட்டியருகே, பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றாள். பிதாவையும் சுதனையும் கேட்டார். விசுவசிக்கிறேன், விசுவசிக்கிறேன். பரிசுத்த ஆவியை விசுவசிக்கிறாயா என்று கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"விசுவசிக்கிறேன்" என்றாள்.

தண்ணீர் ஊற்றினதும் குழந்தை வீரிட்டு அழுதது. அக்கா கண்ணைத் திறந்து முதலில் குழந்தையைப் பார்த்தாள், பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை என் மனைவியின் மடியில் கிடத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். விருந்துக்கு வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றினாள், இலை எடுத்தாள். ஞானத்தாய் கையில் பிள்ளையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் கேட்டபோது கை ஈரம் என்றாள். எல்லோரும் போனபிறகு நானே குழந்தையை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"தூக்குக்கா. இனிமே உன் புள்ளை."

"வேணாம்டா. எம்மேல இருக்குது."

"ஒண்ணும் இல்ல உன்மேல."

"உனக்குத் தெரியாது. நான்தானே வாங்கிக்கினேன். தொட்டா அதுக்கு ஒட்டிக்கும்."

அன்றைக்கு நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதற்காக இத்தனை பாடு? அவள் கையில் பிள்ளை இருக்க வேண்டும் என்றுதானே? இப்போது ஞானத்தாய் என்ற பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளை தூளியில் இருக்கிறது, அவள் பின்கட்டில் இருக்கிறாள். ஞானஸ்நானத்துக்கு முன்பாவது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாமியாரையே வீட்டுக்கு அழைத்துவந்தேன். நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றேன். அவர் உட்கார்ந்து அன்பாகத்தான் பேசினார். "பரிசுத்த ஆவி உங்கமேல இருக்கார்னா அது பெரிய பாக்கியம்மா" என்றார். அக்கா பணிவாக, "ஆமா சாமி, இருக்குது" என்றாள். வேதப்படி இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வலிப்பு வரவில்லை. வரும் வரும் என்று அவள் காத்திருந்தாள். குழந்தைக்குத் துணி துவைத்தாள், கஞ்சி காய்ச்சினாள், எண்ணெய் காய்ச்சி வைத்தாள், எல்லாம் செய்தாள். தொடுவது மட்டும் இல்லை. குழந்தை அழுதால் எட்ட நின்று பேச்சுக் கொடுப்பாள். என் மனைவி முதலில் முகம் சுளித்தாள், பிறகு பழகிக்கொண்டாள். எனக்குப் பழகவில்லை. பாதிரிகளோடு, புத்தகங்களோடு, சொற்களோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். இப்போதும் யாராவது, தாய்மொழியில் ஜெபித்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று மேடையில் பேசினால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

குழந்தை நடக்க ஆரம்பித்தது. ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சோற்றுக்கு வந்தேன். பின்கட்டில் அக்கா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாசற்படியைப் பிடித்துத் தாண்டி அவளை நோக்கி நடந்தது. அக்கா காலை மடக்கினாள். நகர்ந்தாள். பின்னால் சுவர். குழந்தை போய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, மடியில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய சுரூபத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது.

அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, குழந்தையைத் தொடாமல், அசையாமல் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நான் கூப்புடலடா" என்றாள். "அதுவா வந்துச்சு."